நாலு இதழ் செம்பருத்தி

சேத்தூர் பஸ்ஸில் டிபன் பையைப் போட்டு எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்தவளுக்கு,

போன வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் உன் மகள் என் மேஜைமேல் ஒரு சார்ட் தாளை வைத்துவிட்டுப் போனாள். ஏழாம் வகுப்பு பி பிரிவில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டுத் தாளில் அதுவும் ஒன்று. ஒவ்வொரு ஜூனிலும் என் வகுப்புக்கு நான் கொடுக்கிற வேலை இது. உனக்குப் பிடித்த ஒரு செடியாக உன்னையே வரைந்து வா, முகம் வரையக் கூடாது, ஏன் அந்தச் செடி என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். இந்த வேலையை நமக்கு யார் கொடுத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். நான் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருவதும் உனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரோஜா, ரோஜா, மாமரம், துளசி, கற்றாழை, மறுபடியும் ரோஜா. உன் மகளுடைய தாளில் கை நின்றது. சிவப்புச் செம்பருத்தி. நடுவில் மகரந்தத் தண்டு இடது பக்கம் சாய்ந்திருந்தது. கீழே ஒரு மொட்டு, இரண்டு இலை. இதழ்களை எண்ணிப் பார்த்தேன். நாலுதான் இருந்தது.

செம்பருத்திக்கு அஞ்சு இதழ் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இதே தண்டு, இதே சாய்வு, இதே மொட்டு, நாலே இதழ் என்று வரைந்தவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அது நான்.

உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. தினமும் பஸ்ஸில் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு? பார்க்காமல் போன வருஷங்களிலும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் எதை எழுத வேண்டி வரும் என்று எனக்குத் தெரியும். இப்போது பதில் வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். என் தைரியத்தின் லட்சணம் எப்போதும் இதுதான்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பி.எட். படித்தோம். நீ தாவரவியல், நான் விலங்கியல். நீ சேத்தூரில் ஏறுவாய். நான் ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்தில் நிற்பேன். பஸ் திரும்பும்போதே ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "ஏட்டி, இங்க இருக்கேன், கண்ணு தெரியலியா!" என்று ஊர் கேட்கக் கத்துவாய். எனக்குக் கூச்சமாக இருக்கும். உன்னை நான் ஒருநாளும் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. ஹார்டுவேர் கடைக்காரர் மகள், ஒத்தைப் பிள்ளை, டவுன்காரி என்கிற நினைப்பு. பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன், அதுவும் மெதுவாக. ஆனால் நீ பிடித்து வைத்த இடத்தில் மட்டும் கூச்சமில்லாமல் உட்கார்ந்துகொள்வேன்.

பி.எட். படித்தவர்களுக்குத் தெரியும், அந்த வருஷம் முழுக்க ரெக்கார்டு நோட்டுதான். படம் வரையத் தெரிந்த ஒருத்தி கிடைத்தால் வகுப்பே அவளைச் சுற்றி வரும். அங்கே அது நான். நமக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. உன் படம் எல்லாம் நான் வரைவேன், என் நோட்டில் எழுத வேண்டியதை எல்லாம் நீ எழுதுவாய். என் கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும். உன் கையெழுத்து அச்சு. ஆனால் நீ ஒரு மாடு வரைந்தால் அதற்குக் கீழே மாடு என்று எழுதித்தான் ஆக வேண்டும். "எனக்குக் கண்ணு இருக்கு, கை இல்ல. உனக்குக் கை இருக்கு" என்பாய். எனக்குக் கண் இல்லை என்று நீ சொல்லவில்லை. இன்றைக்கு யோசித்தால் அதையும் சொல்லியிருக்கலாம்.

உளவியல் மேடம் ஒரு திங்கட்கிழமை அந்த வேலையைக் கொடுத்தார். புதன்கிழமைக்குள் கொண்டு வர வேண்டும். நான் அன்றைக்கே தாமரை என்று முடிவு செய்துவிட்டேன். சேற்றில் இருந்தாலும் ஒட்டாது, அது இது என்று சொல்லலாம். எல்லாரும் சொல்வதுதான். உன்னிடம் கேட்டேன், நீ நாளைக்குச் சொல்கிறேன் என்றாய்.

மறுநாள் பஸ்ஸில் உன் மடியில் டிபன் மூடி ஒன்று இருந்தது. அதில் ஈர மண்ணோடு ஒரு செடி. வாய்க்கால் ஓரம் பிடுங்கியது.

"என்ன இது?"

"குப்பைமேனி. இதுதான் நான். பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு பூனை பின்னாலயே வந்துச்சி ஏட்டி. இதோட வேருன்னா பூனைக்குக் கிறுக்கு. மனுசன் மிதிச்சிட்டுப் போவான், பூனை மட்டும் நம்மள மதிக்கும்."

நான் சிரித்தேன். குப்பை என்ற பெயரே வருகிறதே, வேறு நல்ல பூவாகச் சொல்லேன் என்றேன். நீ மூடியை என் முகத்துக்குக் கீழே பிடித்தாய்.

"மேல நின்னு பாரு. ஒரு எலையாச்சும் இன்னொரு எலைக்கு வெயில மறைக்குதா? மேல உள்ளதுக்குக் காம்பு குட்டை. கீழ போகப் போகக் காம்பு நீளம். கீழ மொளச்ச எலை கையை எட்டி நீட்டி, எடைவெளி பாத்து, தனக்கு உள்ள வெயில வாங்கிக்கிடும். மேல உள்ளதும் முழுசா விரிச்சி அடைக்காது, வழி விடும்." மூடியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாய். பிறகு சொன்னாய்: "எங்க வீட்டுல அஞ்சும் பொம்பளப் பிள்ளைக. நான் நாலாவது. எனக்குக் காம்பு நீளம் ஏட்டி. அதான் காலேசு வரைக்கும் எட்டிருக்கு."

மேலே இருந்து பார்க்கிற மாதிரி வரைய வேண்டும் என்று கேட்டாய். பக்கவாட்டில் வரைந்தால் வெறும் களை, மேலே இருந்து பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும் என்றாய். வகுப்பில் என்ன பேசப் போகிறாய் என்பதையும் பேசிக் காட்டினாய். நாலு பேருக்கு முன்னால் நின்றால் உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் மனப்பாடம் செய்திருந்தாய். இறங்கும்போது, "படம் நல்லா வந்தா உனக்கு நூறு கிராம் பால்கோவா" என்றாய்.

அன்று சாயங்காலம் மாடியில் அந்த மூடியைத் தரையில் வைத்து, ஸ்டூல் மேல் ஏறி நின்று பார்த்தேன். நீ சொன்னது அப்படியே இருந்தது. பெரிய இலை, நடு இலை, சின்ன இலை, ஒன்றின் இடைவெளியில் ஒன்று. வரைய ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம் தலை நிமிரவில்லை. காம்புகளை மெல்லிசாக, ஒவ்வொன்றையும் அதன் நீளத்துக்கு இழுத்தேன். ரம்ப வெட்டு மாதிரி இருக்கிற இலை ஓரம்கூடப் பிசகவில்லை. முடித்துவிட்டுத் தூக்கிப் பிடித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும் என் கை அப்படி ஒன்று வரைந்ததில்லை.

கீழே உன் பெயர் எழுத வேண்டும். பேனாவை எடுத்தேன். எழுதவில்லை.

நான் அப்போது எனக்குச் சொல்லிக்கொண்டது எல்லாம் நினைவிருக்கிறது. குப்பை என்று வகுப்பில் சிரிப்பார்கள், பாவம், இவளுக்குத் தாங்காது. பேசவும் வராது. நான் என்றால் சமாளிப்பேன். அவளுக்கு ஒரு அழகான பூவாகக் கொடுப்போம். நல்லதுதானே செய்கிறேன். இப்படி நாலைந்து காரணம் சொல்லி, என் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதினேன். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பாடு ஆறுகிறது என்று இரண்டாவது தரம் கூப்பிட்டாள். அந்த அவசரத்தில் மிச்சமிருந்த தாளில் உனக்கு ஒரு செம்பருத்தியைப் போட்டேன். வாசலில் நின்ற செடியைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. சிவப்பு கிரேயான் கையில் கிடைத்தது, அதனால் செம்பருத்தி. மஞ்சள் கிடைத்திருந்தால் நீ சூரியகாந்தி. அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

காலையில் பஸ்ஸில் உன்னிடம் சுருட்டிக் கொடுத்தேன். "இப்ப பிரிச்சா கசங்கிரும், கிளாஸ்ல பாத்துக்கிடுதேன்" என்றாய். அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. என் சுருளையும் கேட்டு வாங்கி, இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வந்தாய். நான் உன் மடியில் இருக்க வேண்டிய பையை என் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் துளசி வந்தது, மல்லிகை வந்தது, ஒல்லிக்குச்சியாக இருந்த ஒருத்தர் ஆலமரம் என்றார். பெயர் வரிசைப்படி எனக்கு முந்தி. தாளைப் பிரித்துக் கரும்பலகையில் குத்தினேன். உன் பக்கம் பார்க்கவில்லை. நீ பஸ்ஸில் பேசிக் காட்டியதை, உன் பேச்சைக் கொஞ்சம் எழுத்துத் தமிழாக மாற்றி, அப்படியே சொன்னேன். மேலே இருக்கிற இலை வழி விடும், கீழே பிறந்த இலை கையை நீட்டித் தன் வெயிலை வாங்கிக்கொள்ளும் என்றேன். எனக்கு மேலேயும் யாருமில்லை, கீழேயும் யாருமில்லை. ஒத்தைப் பிள்ளை. யாருக்கு வழி விட்டேன், யாரிடமிருந்து வெயில் வாங்கினேன் என்று மேடம் கேட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. எழுந்து நின்று கை தட்டினார். வகுப்பே தட்டியது.

பிறகு உன் முறை. நீ வந்து சுருளைப் பிரித்தாய். பிரித்த தாளைப் பார்த்தபடியே நின்றாய். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்கு மேஜையின் மரக்கோடுகள் இன்னும் நினைவிருக்கின்றன, அவ்வளவு குனிந்திருந்தேன்.

"இது... செம்பருத்தி" என்றாய்.

"சொல்லும்மா, ஏன் செம்பருத்தி?"

நீ தாளைக் கரும்பலகையில் குத்தினாய்.

"அவ்வளவுதானா?"

"அம்புட்டுத்தான் மேடம்."

பின் பெஞ்சில் சிரித்தார்கள். நீயும் கொஞ்சம் சிரித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் ஒரு திட்டை எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி, அழுது, சரியாகியிருக்கும். சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் நீ பால்கோவா கடையில் நின்றாய். நூறு கிராம் வாங்கி என் கையில் கொடுத்தாய். "படம் நல்லா வந்திருக்கு ஏட்டி. காம்பெல்லாம் அளவா வச்சிருக்க" என்றாய். குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நான் வாங்கிக்கொண்டேன். உனக்குக் கொஞ்சம்கூடக் கொடுக்காமல் பஸ் ஏறும் முன்னாலேயே தின்று முடித்தேன். தின்று முடித்தால்தான் அது கண்ணில் படாது. பதினான்கு வருஷமாகப் பால்கோவா என்றால் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று பொய் சொல்லி வருகிறேன்.

மறுநாளும் டிபன் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாய். ஆனால் உன் ரெக்கார்டுக்குப் படம் வரையச் சொல்லி அதற்குப் பிறகு என்னிடம் கொடுக்கவில்லை. நீயே வரைந்தாய். மாடு என்று கீழே எழுதினாய்.

அதற்கப்புறம் நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. நேர்முகத்தில் என் ஃபைலில் அந்தப் படம் இருந்தது, அதே பேச்சைப் பேசினேன். சேர்ந்த வருஷமே அதைச் சட்டம் போட்டு முன் ஹாலில் மாட்டினார்கள். பிள்ளைகள் எனக்குக் குப்பைமேனி மிஸ் என்று பெயர் வைத்தார்கள். முதல் தடவை கேட்டபோது காதில் விழாத மாதிரி நடந்தேன். பத்தாவது தடவை பழகிவிட்டது. சொல்லிச் சொல்லி அது என் செடி என்று நானே நம்ப ஆரம்பித்தேன். நீ ஆசிரியர் தகுதித் தேர்வு மூன்று தடவை எழுதினாய் என்றும், பேண்டேஜ் கம்பெனியில் துணி செக்கிங்கில் நிற்கிறாய் என்றும் யார் யாரோ சொல்லிக் கேட்டேன். கல்யாணமாகி நீ குடிவந்த தெரு எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம். ஒருநாளும் நடக்கவில்லை.

போன வருஷம் ஜூனில் உன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தாய். ஹாலில் அந்தப் படத்துக்கு நேரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் படி இறங்கி வந்தபோது ஒரு சின்னப் பிள்ளை ஓடி வந்து, "குப்பைமேனி மிஸ், உங்களை ஹெச்.எம். கூப்பிடுறாங்க" என்றது. நீ தலையைத் தூக்கினாய். படத்தைப் பார்த்தாய், அதன் கீழே என் பெயரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். எனக்கு அங்கேயே தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"படத்துக்குக் கண்ணாடி போட்டுட்டியளே" என்றாய். "பூனை எப்படி வரும்?"

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். உன் மகள் புரியாமல் அவளும் சிரித்தாள். நான் சேர்க்கை விண்ணப்பத்தைப் பற்றி ஏதோ பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன். கிளம்பும்போது நீ சொன்னது எனக்குக் காதில் இருக்கிறது. "வாரேன் டீச்சர்." ஏட்டி போய்விட்டது. நான் மேலே போய் ஹெச்.எம்.மிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாய், பதினோரு நாளில் முடிந்துவிட்டது. பள்ளியிலிருந்து எல்லாரும் மாலை வாங்கிக்கொண்டு வந்தோம். நான் தெருமுனை வரைக்கும் வந்தேன். உள்ளே வரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். உன் வீட்டுச் சுவரை நான் அன்றைக்குப் பார்த்திருந்தால் இந்தக் கடிதம் அப்போதே எழுத வேண்டியிருந்திருக்கும்.

இந்தத் திங்கட்கிழமை உன் மகளைத் தனியாகக் கூப்பிட்டேன். "செம்பருத்திக்கு அஞ்சு இதழ்மா" என்றேன், வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்.

"எங்க அம்மா படத்துல நாலுதான் இருக்கு மிஸ். பீரோ பக்கத்துச் சுவத்துல ஒட்டியிருக்கு. கீழ உங்க பேரும் எழுதியிருக்காங்க, வரைந்தது இன்னார்னு. அம்மா கையெழுத்து."

உன் பெயரை நான் எழுதாமல் விட்டேன். நீ என் பெயரை எழுதி வைத்திருக்கிறாய்.

அவள் உன்னைப் போலத்தான், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். "அம்மா சொல்லுவாங்க மிஸ், நான் என்னைய ஒரு களைச்செடின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், உங்க மிஸ்தான் என்னைய செம்பருத்தியாப் பாத்தாளுன்னு. கிளாஸ்ல பிரிச்சுப் பாத்ததும் பேச்சே வரலியாம். எல்லாரும் பயத்துலன்னு நெனச்சாங்களாம். சந்தோசத்துலதான் வரலன்னு சொன்னாங்க. நான் கேட்டேன், ஏன் நாலு இதழ்தான் இருக்குன்னு. அவ அப்படித் தப்பா வரைய மாட்டா, ஒண்ணு பின்னால மடிஞ்சிருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியலன்னாங்க."

நீ தாவரவியல் படித்தவள். அந்தப் பூவின் பின்னால் எந்த இதழும் மடிந்திருக்கவில்லை என்று உனக்கு முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். அப்படியானால் எதற்கு அதைச் சொன்னாய்? உண்மையாகவே உன்னை நான் அப்படிப் பார்த்தேன் என்று நம்பினாயா? இல்லை, மகள் தன் டீச்சரை மதிக்கட்டும் என்று, என் மானத்தை உன் வீட்டுச் சுவரில் ஒட்டிக் காப்பாற்றினாயா? எது என்றாலும் எனக்குத் தலை நிமிராது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஹாலில் இருந்த படத்தைக் கழற்றி ஏழாம் வகுப்புக்குக் கொண்டு போனேன். "படம் நான் வரைஞ்சது. செடி என்னோடது இல்ல. நான் வருஷா வருஷம் வகுப்புல சொன்ன பேச்சும் என்னோடது இல்ல. இவ அம்மாவோடது. அவங்க எனக்கு நம்பிச் சொன்னாங்க, நான் என் பேரைப் போட்டுக்கிட்டேன்" என்றேன். இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதினான்கு வருஷம் இந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்திருக்கிறேன்.

பின் பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "அப்போ நீங்க என்ன செடி மிஸ்?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். தெரியவில்லை என்றேன். உன் மகள் எழுந்து வந்து படத்தின் முன்னால் நின்றாள். கண்ணாடிமேல் விரலை வைத்து, மேலே இருந்த இலையிலிருந்து ஒவ்வொரு காம்பாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். நாலாவதில் நிறுத்தினாள்.

"எங்க அம்மா நாலாவது பிள்ளை மிஸ்."

"தெரியும்மா."

ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, இது சின்ன விஷயம், பிள்ளைகளிடம் போய் எதற்கு என்றார். படத்தை மறுபடி ஹாலிலேயே மாட்டச் சொன்னார். உன் பெயரை ஒரு தாளில் எழுதி, கண்ணாடிக்கு உள்ளே என் பெயரின் மேல் ஒட்டிவிட்டு மாட்டினேன். எழுதியது என் கையெழுத்துதான், கோழி கிண்டியது மாதிரித்தான் இருக்கிறது. பிள்ளைகள் இன்னும் குப்பைமேனி மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு வாரத்தில் போகிற பெயர் இல்லை அது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். புதன்கிழமை காலை உன் மகள் வராண்டாவில் காத்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு சுருள்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டுமா? குப்பைமேனி அம்மா சொன்னது. செம்பருத்தி மட்டும் நீங்களே யோசிச்சு வரைஞ்சதுதான?"

அவள் முகத்தைப் பார்த்தேன். உன் கண், உன் நெற்றி. சிவப்பு கிரேயான் கையில் கிடைத்தது என்று இவளிடம் எப்படிச் சொல்வேன்? உங்கள் அம்மாவை நான் பார்க்கவே இல்லை, வாசலில் நின்ற பூவையும் பார்க்கவில்லை என்று சொன்னால், சுவரில் இவளுக்கு மிச்சமிருக்கிற அம்மா என்ன ஆவாள்?

"ஆமா" என்றேன். "அம்மா உன்கிட்ட சொன்னது நிஜம்தான்."

உனக்காகச் சொன்ன பொய்யா, எனக்காகச் சொன்ன பொய்யா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. முன்பு சொன்ன பொய்களுக்கும் நான் இதே மாதிரி நல்ல காரணம் வைத்திருந்தேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. சுருளை என் கையில் கொடுத்தாள். "அந்த மடிஞ்ச இதழை வெளிய எடுத்து வரைஞ்சு தாங்க மிஸ். அம்மா கேட்டிருக்க மாட்டாங்க. நான் கேக்கேன்."

வாங்கிக்கொண்டேன். மூன்று நாளாகப் பையில் வைத்துச் சுமந்துகொண்டு திரிகிறேன். தினமும் காலையில், "போட்டாச்சா மிஸ்?" என்று கேட்கிறாள். நாளைக்கு என்கிறேன். இன்று விடுமுறை. காலையிலேயே மேஜைமேல் விரித்து, நாலு மூலையிலும் புத்தகம் வைத்து அழுத்தி, பென்சில் சீவி உட்கார்ந்தேன். ஓரமெல்லாம் பழுத்திருக்கிறது, சிவப்பு மங்கவில்லை. கீழே வலது பக்கம் அச்சு மாதிரி உன் எழுத்தில் என் பெயர். எதிர் வீட்டு வாசலில் செம்பருத்தி பூத்திருக்கிறது. இந்தத் தடவை போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். இதழ் ஒவ்வொன்றும் அடுத்ததன்மேல் லேசாகத் தோள் வைத்துக்கொண்டு அஞ்சும் சுற்றி நிற்கிறது.

என் படத்தில் நாலு இதழையும் அகலம் அகலமாகப் போட்டு வட்டம் முழுவதையும் அடைத்துவிட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் பென்சிலைக் கொண்டு போனாலும் ஒன்றின்மேல் இடிக்கிறது. அஞ்சாவதுக்கு நான் இடமே விடவில்லை, ஏட்டி.